பதினான்கு பிரதிகளும் ஒரு மாமியும்

அத்தியாயம் பதினொன்று

இதனால் சகலருக்கும் அறியத்தரப்படுவது யாதெனில்: இரண்டாயிரத்தேழாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முப்பதாந் திகதி வியாழக்கிழமை, முற்பகல் ஒன்பது மணி ஐந்து நிமிடமளவில், மதுரங்குளிச் சந்திக்கு அண்மையில், அல்ஹாஜ் ரஸாக் அவர்களது ஹார்ட்வெயார் கடைக்குப் பின்புறமாக அமைந்துள்ள மண்டபத்தில், ஒரு 'புரொஜெக்ட்' வைபவரீதியாகத் திறந்துவைக்கப்படும். வருவோர் நேரத்துக்கு வரவும். செருப்பை வெளியே விடவும்.

இந்த அறிவித்தலை எழுதியவர் ரஸாக் ஹாஜியார். அச்செடுத்தவரும், கடைச் சுவரில் பசை தடவி ஒட்டியவரும் அவரே. நின்று வாசித்தவர்கள் சீமெந்து வாங்க வந்தவர்கள். மண்டபம் என்பது தகரக் கூரை போட்ட ஓர் அறை.

திறக்கப்படவிருந்தது கட்டடமல்ல, கிணறுமல்ல. கணினித் திரையில் 'புதிய புரொஜெக்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை ஒருமுறை அமுக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காக ஹாஜியார் திரையைச் சுற்றிப் பச்சை ரிப்பன் கட்டியிருந்தார். பின்பக்க முடிச்சில் கணினியின் வயரும் சேர்ந்து கட்டுப்பட்டிருந்ததை மகள் பளீலா கண்டாள். சொல்லவில்லை. சொல்லிப் பலன் கிடைத்த ஒரு நாள் அந்த வீட்டில் அவளுக்கு நினைவில் இல்லை.

சென்ற வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து உடுத்த துணியோடு வந்து, பதினேழு வருடமாகப் புத்தளத்துக் கரையோர முகாம்களில் கிடுகுக் கொட்டில்களுக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு நிரந்தர வீட்டுக் காணி கொடுக்கப்போகிறார்கள். யார் யாருக்கு என்ற பட்டியலை எடுத்துக்கொடுப்பது ஹாஜியாரின் 'கரையோர இடம்பெயர்ந்தோர் தரவு ஒருங்கிணைப்பு மத்திய நிலையம்'. பெயரை வாசித்து முடிப்பதற்குள் நிலையத்தைச் சுற்றிப் பார்த்துவிடலாம். மூன்று கணினி, ஒரு மின்விசிறி. முகாம்காரரின் குடும்ப அட்டைகளும் அக்கம்பக்கத்து ஊர்க்காரரின் அட்டைகளும் அந்தக் கணினிகளுக்குள் இருக்கின்றன. சிலாபத்துத் தோமஸ் எழுதிக்கொடுத்த புரோகிராம் ஒன்று அவற்றைச் சலித்துப் பட்டியல் எடுக்கும்.

சலித்ததில் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு குடும்பங்கள் சல்லடையில் நின்றன. ஹவ்வா உம்மா கீழே விழுந்துவிட்டார்.

ஹவ்வா உம்மா ஆலங்குடா முகாமில் இருக்கும் விதவை. வடக்கே முசலிப் பக்கத்தவர். பளீலாவின் கணவன் ஜபாரைப் பெற்றவர். அதாவது ஹாஜியாரின் சொந்தச் சம்பந்தி.

ஏன் விழுந்தார் என்பதைப் பளீலா புதன்கிழமையே ஊகித்துவிட்டாள். ஹவ்வா உம்மாவின் கணவர் மௌத்தான பிறகு அவர்களுடைய அட்டையில் குடும்பத் தலைவன் ஜபார். கலியாணம் முடிந்ததும் வழக்கப்படி ஜபார் பெண் வீட்டுக்கு வந்துவிட்டான். வந்த வாரமே ஹாஜியார், "என்ட மருமகன் என்ட கார்ட்ல இருக்கோணும்" என்று தன் வீட்டு அட்டையிலும் அவன் பெயரைப் பதிவித்தார். ஓர் ஆள், இரண்டு அட்டை. தோமஸின் புரோகிராம் இப்படி இரட்டைப் பதிவைக் கண்டால் பெயரை மட்டும் வெட்டுவதில்லை. பழைய அட்டையையே வெட்டிவிடுகிறது. அட்டையோடு சேர்த்து அதற்குள் இருந்த தாயையும்.

பெயரைக் கையால் எழுதிச் சேர்க்க வழியில்லையா என்றால், இருந்தது. போன வெள்ளி ஜும்ஆ முடிந்து ஹாஜியார் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பேசியிருந்தார். "ஒரு பெயரும் கையால சேக்கப்பட மாட்டாது. கம்பியூட்டர் சொல்றதுதான் முடிவு. அது என்ட சம்பந்தியா இருந்தாலும் சரி." கடைசி வசனம் பேச்சுக்கு ஓர் எடுப்பு வேண்டுமென்று சேர்த்தது. அப்போது சம்பந்தியே பட்டியலிலிருந்து விழப்போகிறார் என்பது அவருக்குத் தெரியாது.

அட்டைத் தரவையும் தொட முடியாது. போன மாத முடிவோடு அதைப் பூட்டியாயிற்று. சாவி புத்தளம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில்.

மிஞ்சியது ஒரே வழி. புரோகிராமுக்குள் அந்த வெட்டுகிற இடத்தைக் கண்டுபிடித்துத் திருத்தி, பட்டியலை மறுபடி எடுப்பது. பின்னேரம் நாலு மணிக்குள் அது கச்சேரியில் இருக்க வேண்டும். இருந்தால் ஹவ்வா உம்மாவுக்குக் காணி. இல்லாவிட்டால் கிடுகு.

*

ஒன்பது மணி ஐந்துக்குத் தொடங்க வேண்டியது ஒன்பதரைக்குத் தொடங்கியது. ஸ்டூடியோக்காரன் பிந்தி வந்தான்.

அதற்கிடையில் சந்தியால் போன கச்சேரி ஜீப் ஒன்றை ஹாஜியார் நடுவீதியில் இறங்கி மறித்துக் கூட்டி வந்திருந்தார். அதில் வந்த உத்தியோகத்தர் சிலாபத்தில் ஏதோ அலுவலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தவர். அவருக்குத் தேநீரும் பற்றிஸும் கொடுத்து, ரிப்பன் சுற்றிய சீடி ஒன்றை இரண்டு கையாலும் நீட்டி, படம் எடுக்கும்வரை கையை எடுக்காமல் ஹாஜியார் நின்றார்.

"அதுக்குள்ள என்ன இருக்கி வாப்பா?" ஜீப் போன பிறகு பளீலா கேட்டாள்.

"முந்தநாள் எடுத்த லிஸ்ட்."

"அது பிழையான லிஸ்ட்தானே."

"மகள், இது ஒரு அடையாளத்துக்கு. வெறுஞ் சீடியக் குடுக்கிறது மரியாதையா? மெய்யான லிஸ்ட் பின்னேரம் பேப்பர்ல போகும். நீ உன்ட வேலையப் பாரு."

பளீலா தன் வேலையைப் பார்த்தாள்.

அவளுக்கு அந்த வேலை தெரியும். கொழும்பில் ஒரு சொப்ட்வெயார் கம்பனியில் மூன்று வருடம் இருந்தவள். யுத்தத்தைக் காட்டித் தங்கியிருந்த இடத்தில் பொலிஸ் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி மூன்றாந்தரமும் கேட்ட அன்றைக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாள். வரும்போது கொண்டுவந்த ஒரே பயனுள்ள பொருள், புரோகிராம்களை வாசித்துக் காட்டும் இந்தக் கணினிக் கருவிதான்.

ஒரு புரோகிராம் என்பது ஆயிரக்கணக்கான வரிகள். எந்தச் சொல் எந்தக் கோப்பில் எந்த வரியில் இருக்கிறது, எந்தத் துண்டு எந்தத் துண்டைக் கூப்பிடுகிறது என்று மனிதர் தேடினால் மாதம் போகும். கருவியிடம் போல்டரைக் காட்டினால் அது எல்லாவற்றையும் வாசித்து ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளும். பிறகு கேட்டால் உடனே சொல்லும். முகாம் குழாயடி மாதிரி. யார் யாரோடு கதைத்தார், யார் வீட்டுக்கு யார் போனார் என்று அங்கே ஒரு வாளி நிறைவதற்குள் தெரிந்துவிடுமே, அப்படி.

ஆனால் முதலில் ஒரு புரொஜெக்ட் திறக்க வேண்டும். அதற்கொரு பெயர் கொடுக்க வேண்டும். எந்தப் போல்டரை வாசிப்பது, எதை விடுவது என்று சொல்ல வேண்டும்.

பெயரை ஹாஜியார் தாளில் எழுதி வந்திருந்தார். 'கரையோர மக்கள் ஒருமைப்பாட்டு மறுமலர்ச்சி மாபெரும் செயற்றிட்டம்.' பளீலா அதைத் தமிழிலேயே அடித்தாள். கருவிக்குத் தமிழ் தெரியாது. திரையில் நீளமாக ஒரு வரிசை கேள்விக்குறிகள் வந்தன.

ஹாஜியார் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "இது என்னத்துக்கு இவ்வளவு கேள்வி கேக்குது?"

"உங்கட பேரத்தான் எழுதியிருக்கி வாப்பா."

"சரி, அப்ப இருக்கட்டும்."

அடுத்தது போல்டர். இங்கேதான் பளீலாவுக்குக் கை நின்றது.

தோமஸுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு முகாம்காரர் வந்து ஒரு மாற்றம் கேட்டால், முழுப் புரோகிராமையும் புதிதாக ஒரு பிரதி எடுத்து, அந்த முகாமின் பெயரைப் போல்டருக்குச் சூட்டி, அதற்குள் மாற்றுவான். கேட்டவருக்குத் தன் முகாமுக்கென்று ஒரு புரோகிராம் இருப்பதாக மனம் நிறையும். ஆலங்குடா ஒன்று, ஆலங்குடா இரண்டு, பாலாவி, பாலாவி இரண்டு, தில்லையடி கடைசி, தில்லையடி கடைசிக்கும் பிந்தியது. இப்படிப் பதினான்கு. எல்லாவற்றிலும் ஒரே பெயரில் ஒரே மாதிரிக் கோப்புகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்குப் போடும். கச்சேரி ஏற்றுக்கொண்டது ஒன்றைத்தான். முந்தநாள் பட்டியலை எடுத்ததும் தோமஸ் கட்டி வைத்துவிட்டுப் போன அந்த ஒன்றுதான். அது எந்தப் போல்டரிலிருந்து வந்தது என்று எழுதிவைக்காமல் அவன் டோஹாவுக்கு விமானம் ஏறிவிட்டான்.

திகதியைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. பழைய கணினியின் மணிக்கூட்டுப் பற்றறி செத்து வெகுகாலம். எல்லாக் கோப்பும் இரண்டாயிரத்து இரண்டு ஜனவரி முதலாந் திகதி பிறந்ததாகவே சொல்லின.

"வாப்பா, இதுல ஒவ்வொரு போல்டரையும் ஒவ்வொரு புரொஜெக்டா வெப்பம். எல்லாத்தையும் ஒண்டாப் போட்டா குழம்பிடும்."

ஹாஜியார் சட்டைப் பையிலிருந்து தீர்மானப் புத்தகத்தை எடுத்தார். நேற்றுப் பின்னேரம் முகாம் தலைவர்களை வைத்துக் கூட்டம் நடத்தியிருந்தார். "தீர்மானம் இலக்கம் மூன்று. எந்தவொரு முகாமின் போல்டரும் புரொஜெக்டிலிருந்து ஒதுக்கப்படலாகாது. ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது."

"அவங்களுக்குப் போல்டர் என்டா என்னன்டு தெரியுமா?"

"தெரியாட்டியும் ஒதுக்கிறது என்டா என்னன்டு தெரியும் மகள். பதினேழு வருசமாத் தெரியும். தில்லையடியத் தள்ளி வெச்சம் என்டு நாளைக்குக் கதை வந்தா யாரு பதில் சொல்றது?"

பளீலா பதினான்கையும் உள்ளே விட்டாள். கோப்பு வகை எது என்று கருவி கேட்டதற்கும் தீர்மானம் இலக்கம் நாலு இருந்தது. எல்லா வகையும். ஆகவே தோமஸ் தன் தங்கையின் கலியாண வீடியோவைப் பாலாவிப் போல்டரில் பத்திரப்படுத்தி வைத்திருந்ததும் உள்ளே போயிற்று.

ஹாஜியார் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பொத்தானை அமுக்கினார். ஸ்டூடியோக்காரன் படமெடுத்தான். ரிப்பனை வெட்டும்போது வயர் தப்பியது. அன்றைக்கு நடந்த நல்ல காரியங்களில் அது முதலாவது.

*

பத்தே முக்காலுக்கு, அட்டவணை அறுபத்திரண்டு வீதத்தில் நின்றபோது, கரண்ட் போயிற்று.

பற்றறிப் பெட்டி கீச்சிட்டது. ஐந்து நிமிடம் கீச்சிட்டுவிட்டு அதுவும் அடங்கியது. அட்டவணை பாதியில் நின்றால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும். பளீலா கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் முகம் தெரிந்தது. பின்னால் வாசலில் இன்னொரு முகம்.

ஹவ்வா உம்மா. ஆலங்குடாவிலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்திருந்தார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய கட்டாக் கருவாடு.

"என்னா புள்ள. நான் இருக்கிறேனா, மௌத்தா?"

"பொறுங்க மாமி. தேடிக்கொண்டிருக்கிறேன்."

"தேடு. நான் இஞ்சதான் இருக்கிறேன். அதுக்குள்ள இல்லாட்டியும்." பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "கரண்டும் இல்லையா?"

"இல்ல."

"எங்கட முகாம்ல இந்தக் கரைச்சல் இல்ல. அங்க கரண்டே இல்ல."

ஹாஜியார் உள்ளே வந்தார். சம்பந்தியைக் கண்டதும் வந்த வேகம் குறைந்தது. "வாங்க மச்சி. ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. எங்கட நிலையம் முழு மூச்சா இறங்கியிருக்கி."

"யோசிக்கல்ல மச்சான். ஒரு விசயம் மட்டும் விளங்கல்ல. மகனத் தந்தேன். அது வழக்கம். கார்டையும் சேத்துத் தந்ததா எனக்கு ஞாபகமில்ல."

ஹாஜியாருக்கு அந்த நேரம் பார்த்துக் கடையில் யாரோ ஆணி கேட்டார்கள் போலிருந்தது. போய்விட்டார்.

ஜெனரேட்டர் இருந்தது. பெற்றோல் இல்லை. கானில் பெற்றோல் கொண்டுபோனால் சோதனைச்சாவடியில் மணித்தியாலக் கணக்கில் விளக்கம் சொல்ல வேண்டும். உப்பளத்தில் அரைநாள் லீவு போட்டு வந்த ஜபார் தன் மோட்டார் சைக்கிளின் டாங்கியிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி ஜெனரேட்டருக்கு ஊற்றினான். வாயைக் கொப்புளித்துவிட்டு வந்து தாய்க்குப் பக்கத்தில் நின்றான்.

"எவ்வளவு நேரம் ஓடும் மச்சான்?" பளீலா கேட்டாள்.

"மூண்டரை மட்டும். அதுக்குப் பிறகு சைக்கிளும் ஓடாது, இதுவும் ஓடாது."

அட்டவணை பூச்சியத்திலிருந்து தொடங்கியது. தோமஸின் தங்கையின் கலியாணத்தையும் அது வரிவரியாக வாசிக்க முயன்றது. லுஹர் பாங்கு சொல்லி முடிந்து, தொழுகை முடிந்து, சோறு தின்று, பன்னிரண்டே முக்காலுக்கு நூறு வீதம் வந்தது.

பளீலா ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடினாள். 'இரட்டைப் பதிவை நீக்கு' என்ற துண்டு எங்கே?

பதினான்கு விடைகள் வந்தன.

*

தோமஸை டோஹாவில் பிடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

"அக்கா, அது பெரும்பாலும் தில்லையடி கடைசி."

"கடைசியா, கடைசிக்கும் பிந்தியதா?"

"பிந்தியது முந்தினது அக்கா. பொறுங்க. பாலாவியாவும் இருக்கலாம். எனக்கு இஞ்ச வேற மாதிரி வேலை, எல்லாம் மறந்துபோச்சு. ஹாஜியார் எப்படி?"

"சுகம்."

"என்ட தங்கச்சிட வீடியோ இருக்குதா? ஒரே பிரதி அதுதான்."

பளீலா போனை வைத்தாள். முந்தநாள் அச்செடுத்த பட்டியலைத் தூக்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். அடியில் சின்னதாக, ஆங்கில எழுத்தில் ஒரு வரி: 'குறைகளைப் பொறுத்தருள்க.' அதைத் தேடினாள். ஒரேயொரு போல்டரில் இருந்தது. பாலாவி இரண்டு. அதற்குள் போய், அட்டைகளைச் சலிக்கிற வரியைப் பிடித்து, அது கூப்பிடுகிற 'நீக்கு' என்ற சொல்லின் மேல் அமுக்கினாள். கருவி ஒரு துள்ளலில் அந்தத் துண்டுக்குக் கொண்டுபோய் விட்டது. அட்டையை வெட்டு என்று எழுதியிருந்த வரியை, பெயரை மட்டும் வெட்டு என்று மாற்றினாள். எட்டு வரி. கொழும்பில் என்றால் இதற்குத் தேநீர் நேரம்கூட எடுத்திருக்க மாட்டாள்.

புரோகிராமைக் கட்டி ஓட்டினாள்.

ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு.

"வந்துட்டேனா?" என்றார் ஹவ்வா உம்மா.

"இல்ல மாமி."

மறுபடி பார்த்தாள். திருத்தம் இருந்தது. மறுபடி கட்டினாள், ஓட்டினாள். நாற்பத்தாறு. திருத்தியதை இன்னொரு விதமாகத் திருத்தினாள். நாற்பத்தாறு. அந்தத் துண்டையே முழுதாக அழித்தாள். இனி யாரையும் எதுவும் வெட்ட முடியாது. ஓட்டினாள். அழித்த துண்டு பழையபடியே வெட்டிவிட்டு, அதே நாற்பத்தாறோடு வந்து நின்றது.

பளீலா கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு பிழை இருந்தால் திருத்தலாம். இது பிழையல்ல. இது அவள் சொல்வதைக் கேட்பதே இல்லை. பிறந்த வீட்டில் பழகிப்போன ஒரு நிலைமை கணினிக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது போலிருந்தது.

"மகள், ரெண்டே கால்." ஹாஜியார் கதவில்.

"தெரியும் வாப்பா."

"சும்மா ஞாபகப்படுத்தினேன். தலைவர் என்டா ஞாபகப்படுத்தோணும்."

"இவ்வளவு நாளும் ஞாபகப்படுத்தினது போதும்" என்றார் ஹவ்வா உம்மா, கருவாட்டுப் பார்சலைப் பார்த்துக்கொண்டு.

ஜபார் குனிந்து திரையைப் பார்த்தான். அவனுக்குக் கணினி தெரியாது. உப்பு மூட்டையில் எழுதியிருக்கும் இடத்தின் பெயரை வாசித்து வாசித்துப் பழகிய கண் மட்டும் இருந்தது.

"பளீலா, நீ பாலாவி என்டுதானே சொன்ன?"

"ஓம்."

"மேல ஆலங்குடா என்டு கிடக்கே."

அவள் பார்த்தாள். திரையின் உச்சியில், யாரும் பார்க்காத மூலையில், சின்ன எழுத்தில், ஆலங்குடா ஒன்று.

பதினான்கு போல்டரும் ஒரே புரொஜெக்டில் கிடந்தன. 'நீக்கு' என்ற துண்டு பதினான்கு. எந்த 'நீக்கு' வேண்டும் என்று கருவிக்கு என்ன தெரியும்? வரிசையில் முதலில் நின்றதிடம் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அவள் ஒன்றரை மணித்தியாலமாக ஆலங்குடாவைத் திருத்தித் திருத்திப் பாலாவியை ஓட்டிக்கொண்டிருந்தாள். தீர்மானம் இலக்கம் மூன்று. ஏகமனதாக.

"வாப்பா வந்தாச் சொல்லுங்க மச்சான்."

ஜபார் கதவில் போய் நின்றான். பளீலா புதிதாக ஒரு புரொஜெக்ட் திறந்தாள். இம்முறை ரிப்பன் இல்லை. பெயருக்கு 'மாமி' என்று ஆங்கில எழுத்தில் நாலு எழுத்து. பாலாவி இரண்டை மட்டும் உள்ளே விட்டாள். மற்றப் பதின்மூன்றையும் ஒதுக்கினாள். கலியாண வீடியோவையும் ஒதுக்கினாள்.

அட்டவணை மூன்று நிமிடத்தில் முடிந்தது.

'நீக்கு' ஒன்றே ஒன்று. அதே எட்டு வரியை அதில் எழுதினாள். கட்டினாள். ஓட்டினாள்.

ஆயிரத்து இருநூற்று ஏழு.

அறுபத்தொன்று கூட. பளீலா புதிதாக வந்த பெயர்களைக் கீழே இறக்கிப் பார்த்தாள். றஹ்மத் உம்மா, தில்லையடி. ஸபியா உம்மா, பாலாவி. எல்லாம் பெண்கள். எல்லாம் விதவைகள். எல்லோருடைய மகனும் எங்கோ ஒரு பெண் வீட்டில், எங்கோ ஒரு மாமனாரின் அட்டையில். அறுபத்தொரு தாய்மாரை அந்தப் புரோகிராம் சத்தமில்லாமல் வெட்டி வைத்திருந்தது. ஒருத்திக்குச் சம்பந்தி ஹாஜியார் என்றபடியால் இது தெரியவந்தது.

நானூற்றுப் பதினெட்டாவது பெயர், ஹவ்வா உம்மா, ஆலங்குடா.

அச்சு இயந்திரம் கறகறவென்று தாளைத் துப்பியது. ஹவ்வா உம்மா எழும்பி வந்து, கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, விரலை அந்த வரியில் வைத்தார். எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு கீழே நாலைந்து பெயரையும் வாசித்தார்.

"ஸபியாவும் இருக்கிறாவா?"

"ஓம் மாமி."

"அவ நேத்து முழுக்க அழுதவ." விரலை எடுத்தார். "இது அழியாதுதானே?"

"அழியாது. பேப்பர்."

*

மூன்று பத்துக்கு ஹாஜியார் பட்டியலை ஓர் உறையில் இட்டு, உறையை இன்னோர் உறையில் இட்டு, வெள்ளைச் சாரம் மாற்றித் தொப்பியைச் சரிசெய்து, கடை வானில் புத்தளத்துக்குப் புறப்பட்டார். போகும்போது மகளின் தலையில் கை வைத்தார். "பாத்தியா? எல்லாரையும் ஒண்டாச் சேத்ததாலதான் இது நடந்திச்சி."

பளீலா "ஓம் வாப்பா" என்றாள்.

ஹவ்வா உம்மாவும் கருவாட்டைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார். பொழுது படுவதற்குள் முகாமுக்குப் போய் மற்ற அறுபது பேருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும் என்று அவசரம். ஒருவர்கூட விடுபடக்கூடாதென்று பெயர்களை ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டார்.

மூன்றரைக்கு ஜெனரேட்டர் இருமி நின்றது.

நாலு பத்துக்குப் போன் அடித்தது. வாப்பாவின் நம்பர். ஆனால் பேசியது ஒரு பெண்குரல்.

"தங்கச்சி, நான் கச்சேரியிலருந்து பூமணி. ஹாஜியார் ஐயா இஞ்ச கதிரையில இருக்கிறார். அவருக்குக் கதைக்க ஏலாமக் கிடக்கு. தண்ணி குடுத்திருக்கிறம்."

"வாப்பாக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்டுமில்ல. காலமை ஜீப்பில ஒரு சீடி வந்ததெல்லோ. அதைப் பத்தரைக்கே ஏத்தி, பன்னெண்டு மணிக்குக் கொழும்புக்கு அனுப்பியாச்சு. இப்ப ஐயா பேப்பர் கொண்டு வந்து இதுதான் சரி என்டுறார்."

"அக்கா, அந்தச் சீடி சும்மா அடையாளத்துக்கு."

"அதுக்கு மேல மார்க்கர் பேனையால இறுதிப் பட்டியல் என்டு எழுதி, கையெழுத்தும் வச்சு, சீலும் குத்தியிருக்கு தங்கச்சி. ரிப்பனும் கட்டியிருக்கு. நாங்க வேற என்னண்டு நினைக்கிறது?"

பளீலா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். ஜபார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளின் பக்கம் திரும்பினான். பிறகுதான் அதில் பெற்றோல் இல்லை என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"மாத்த ஏலாதா அக்கா?"

"ஒரு வழி இருக்கு. முதல் குடுத்த பட்டியல் பிழை, பிழை எங்கட நிலையத்திலதான் என்டு தலைவர் கையெழுத்து வச்சு ஒரு கடிதம் தரோணும். திங்கக்கிழமைக்குள்ள. நான் கடிதத்தை அடிச்சும் போட்டன். ஐயாவுக்கு முன்னால பேனையும் இருக்கு."

"வாப்பாட்டக் குடுங்க."

போன் கை மாறியது.

"வாப்பா, வெச்சுடுங்க. ஒரு கையெழுத்துத்தானே."

"பள்ளிவாசல்ல பேசினேனே மகள்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கம்பியூட்டர் சொல்றதுதான் முடிவு என்டு."

"அறுபத்தொரு பேர் வாப்பா."

"திங்கக்கிழமை மட்டும் நேரம் இருக்கிதானே. யோசிப்பம்." பிறகு கேட்டார்: "ஸ்டூடியோக்காரன் படம் கொண்டுவந்தானா?"

கொண்டுவந்திருந்தான். மேசையில் கிடந்தது. வாப்பா இரண்டு கையாலும் சீடியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். படம் தெளிவாக வந்திருந்தது. சீடியில் எழுதியிருந்ததைக்கூட வாசிக்க முடிந்தது.

ஹவ்வா உம்மாவின் பஸ் அந்நேரம் பாலாவிச் சந்தியில், முகாம் இருக்கும் கல்பிட்டிப் பக்கமாகத் திரும்பியிருக்கும்.

கொழும்புக்குப் போன பட்டியலில் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு குடும்பங்கள் இருந்தன.